அரை வரி

எங்கள் ஊர்ப் புஞ்சைகளுக்கு இப்போது புழக்கத்தில் இருக்கும் அ பதிவேடு, 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதப்பட்டது. அதில் தாத்தா பெயர் இருக்கிறது. அவருக்கு முந்தியவரைத் தேட வேண்டுமானால் பசலிக் கணக்குக்குள் இறங்க வேண்டும். பசலியோடு 590 கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும்.

பசலி 1358க்கு முன்னால் தடம் மங்கிவிடுகிறது. அது 1948-49. ஊர் எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்தது. 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிரந்தரமாக நிர்ணயித்த பேஷ்குஷ் என்னும் கப்பத்தை ஜமீன் கட்டிவிட்டால் போதும். எந்தப் புஞ்சையை எந்தச் சம்சாரி உழுதான் என்பது கம்பெனிக்கு வேண்டாத சங்கதி. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, அதன் பிறகு அளந்து நிலவரித் திட்டம் போட்டபோதுதான் அவன் பெயர் சர்க்கார் கணக்கில் நேராக ஏறியது. அதற்கு முந்திய கணக்கெல்லாம் ஜமீன் கச்சேரியிலும் கணக்குப்பிள்ளை வீட்டிலும் இருந்தது. 1980இல் பரம்பரைக் கர்ணம் முறை எடுபட்ட பின் அந்த வீட்டுப் பரண்களில் எத்தனை கட்டுகள் கரையானுக்குப் போயினவோ. நினைத்தால் மனசு ஆறவில்லை.

*

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம். ஒரு தலைமுறை விட்டு அதே மாடசாமி, அதே கருப்பசாமி. பங்காளி வீடுகளிலும் அதே பெயர்தான். பட்டா எண்ணை விட்டால் ஆளைப் பிரித்தறிய வழியில்லை.

*

ஜனத்தொகைக் கணக்கில் பார்க்கக்கூடாதா என்று கேட்கிறார்கள். சென்னை மாகாணத்தில் 1871லேயே தலை எண்ணியாகிவிட்டது. ஆனால் அச்சாகிக் கிடைப்பது தொகை மட்டும்தான். பெயர் எழுதிய தாள்களைக் கூட்டி முடித்ததும் அழித்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் எழுதியவற்றையும் எவரும் பார்க்க முடியாதபடி 1948ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குச் சட்டம் மூடி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 72 வருஷம் கழித்துத் திறந்துவிடுகிறார்கள். 1950இல் எழுதியதை 2022இல் திறந்தார்கள். ஆதியில் குடியேறியவர்களின் சந்ததியார் அதையும் நிலப் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் நடக்கிறார்கள்.

அங்கேயும் எல்லாருக்கும் அந்த வழி இல்லை. 1790இல் எடுத்த முதல் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கிறது, மற்றவர்கள் எண்ணிக்கை. 1850இல் சுதந்திரமாக இருந்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார்கள். அடிமைகளுக்குத் தனித் தாள். அதில் எஜமானன் பெயர் உண்டு. அடிமைக்கு அநேகமாக வயதும் நிறமும் ஆணா பெண்ணா என்பதும்தான். அவர்கள் பெயரோடு வந்து நின்றது 1870இல்.

கணக்கு என்பது தரவேண்டியது உள்ளவரைத்தான் பேர் சொல்லி எழுதுகிறது என்று தோன்றுகிறது. தீர்வை தரவேண்டியவன் பட்டாவில் வந்தான். களையெடுத்தவள், பருத்தி எடுத்தவள், கதிர் அறுத்துக் கூலிக்குக் கம்பு வாங்கிப்போனவள் யாரும் வரவில்லை.

*

ஓடைக்கு மேற்கே உள்ள துண்டுக்குப் பதிவேட்டில் சர்வே எண்ணும் ஆண்பிள்ளை பெயரும். வீட்டில் அதற்குக் கெழவி காடு என்று பெயர். எந்தக் கிழவி என்று பெரியப்பாவிடம் கேட்டேன். “எங்களுக்கும் அப்படித்தாம்யா சொல்லிக் கொடுத்தாக” என்றார்.

விடை ஒரு ஒத்திப் பத்திரத்தில் இருந்தது. 1919. அந்தத் துண்டை உழுது பயிரிடும் குடிவாரப் பாத்தியத்தை 120 ரூபாய்க்கு ஒத்தி வைத்தது. குடியானவனுக்கு அந்தப் பாத்தியத்தை உறுதியாக்கியது 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம். அது இல்லாவிட்டால் இந்தக் காகிதம் பிறந்திருக்குமோ என்னவோ. எழுதிக் கொடுத்தவர்கள் மைனர் பிள்ளைகள் இரண்டு பேர். அவர்களுக்காகத் ‘தாயாரும் கார்டியனுமான’ என்று போட்டு, பூட்டியின் பெயர். காரணம் இரண்டு: தீர்வை பாக்கி, காலஞ்சென்ற புருஷனின் கருமாதிச் செலவு. நான்கெல்லையில் அக்கம்பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் பெயர்கள். அடியில் இடது பெருவிரல் ரேகை. களைக்கொத்துப் பிடித்துத் தேய்ந்த விரலாக இருக்க வேண்டும், நடுவில் கோடுகளே இல்லை. அந்த இடத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புருஷன் இருந்த காலமெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லாதவள், கடன் வந்ததும் வந்துவிட்டாள்.

*

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் 1,52,184 பேர். சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் போனார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. பெண்களுக்கும் தனி எண், சொந்தப் பெயர், தகப்பன் பெயர். இங்கே இரண்டு குறுக்கம் வைத்திருந்த வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்காதது, கரும்புத் தோட்டத்துக்குப் போனவளுக்குக் கிடைத்திருக்கிறது. அவள் உழைப்பைத் தரக் கைநாட்டு வைத்தவள். டர்பனில் இருந்து ஊர் தேடி வருகிறவர்கள் கையில் அந்தப் பட்டியலின் நகல் இருக்கும். பூட்டியின் தகப்பனார் யார், எந்த ஊரிலிருந்து வந்து வாக்கப்பட்டாள் என்பதற்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

*

1918இல் வந்தது விஷக்காய்ச்சல். இந்தியாவில் மட்டும் கோடிப் பேருக்கு மேல் செத்தார்கள். 1911க்கும் 1921க்கும் நடுவில் தேசத்தின் ஜனத்தொகை கூடாமல் குறைந்தது. கணக்கு அறிக்கையில் அது சதவீதம்.

ஊர்ப் பெரியவர்கள் கோயில் கொடைக்கு எழுதிய தலைக்கட்டு வரி நோட்டு ஒன்று பிழைத்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு பெயர், ஒரு வரி. தாலியறுத்தவள் வீட்டை நடத்தினால் அரை வரி. காய்ச்சலுக்கு முந்திய கொடையில் அரை வரி ஒன்றே ஒன்று. பிந்திய கொடையில் ஏழு. அதில் ஒன்று பூட்டி.

மற்ற ஆறு வீடுகளிலும் ஒத்தியோ கிரயமோ நடந்திருக்கலாம். அந்தப் பெண்களும் ரேகை வைத்திருக்கலாம். வில்லங்கம் போட்டுப் பார்க்கச் சர்வே எண் வேண்டும். சர்வே எண் கிடைக்க, அவர்கள் காடுகளை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். ஆவணி பிறந்து எல்லாரும் உழவுக்கு இறங்கும் முன் கேட்டு எழுதிவிட்டால் நல்லது.