கொடையா, பறிப்பா?

இரைப்பைப் புற்றுநோய் முற்றிய ஒருவர், வழக்கமான மருந்துகள் பயனற்றுப் போனபின், மருத்துவரிடம் கேட்பது ஒன்றே: "இது என்னைக் காப்பாற்றுமா?" புதிய மருந்தின் முதற்கட்டச் சோதனையோ வேறொன்றைக் கேட்கிறது: "மனித உடல் இதை எந்த அளவு வரை தாங்கும்?" இவ்விரு கேள்விகளும் ஒரே படுக்கையருகே சந்திக்கும்போது அறச்சிக்கல் பிறக்கிறது.

சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் 2019இல் தொடங்கிய ஒரு சோதனையை எண்ணிப் பார்ப்போம். நோயாளியின் இரத்தத்திலிருந்து, நோயை எதிர்க்கும் டி அணுக்களைப் பிரித்தெடுத்தனர். புற்றணுக்களின் மேலுள்ள கிளாடின் 18.2 என்னும் புரதத்தை அடையாளங்கண்டு தாக்குமாறு அவற்றை மாற்றி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்தினர். இரைப்பை முதலிய செரிமான உறுப்புகளில் நோய் முற்றிய 37 பேரின் நிலை 2022இல் வெளியிடப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. ஆனால் அனைவருக்கும் இரத்த அணுக்கள் கடுமையாகக் குறைந்தன. எதிர்ப்பாற்றல் மிகையாகக் கிளர்ந்ததால் பெரும்பாலோர் காய்ச்சலுற்றனர்.

அவர்கள் தாங்கியதன் மீதே அடுத்த கட்டம் எழுந்தது. 156 பேரைக் கொண்ட அச்சோதனையின் முடிவு 2025இல் வந்தது. நோய் மேலும் வளராதிருந்த காலத்தின் இடைநிலை அளவு, வழக்கமான சிகிச்சையில் 1.77 மாதங்கள், புதியதில் 3.25 மாதங்கள். இதைக் குணமென்று கொண்டாட இயலாது. வீணென்று தள்ளவும் இயலாது.

ஆகவே, முதற்கட்டச் சோதனைக்கு உடன்படுபவர் பெறுவதைவிடக் கொடுப்பதே உறுதியானது. தாம் காணாத பிற நோயாளிகளுக்காகத் தம் உடலைக் கையளிக்கிறார். இஃது உயர்ந்த கொடை. ஆயினும், தெரிந்து கொடுத்தால்தான் கொடை. குணமாகிவிடும் என்று நம்பவைத்துப் பெற்றால் அது பறிப்பு. சமூகத்தின் நன்மைக்கென்று தனிமனிதரை வெறுங்கருவியாக்கலாகாது என்றும், நோயாளி தரும் உரிமைக்கு மேல் மருத்துவருக்கு அவர்மீது உரிமை இல்லை என்றும் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952இல் மருத்துவ ஆய்வாளரிடையே தெளிவுபடுத்தினார்.

"அவரிடம் சொல்லிவிடாதீர்கள், சாமி, மனம் உடைந்துபோவார்" என்று உறவினர் கெஞ்சுவதைப் பங்குப் பணியில் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்பினால் எழும் வேண்டுகோள்தான். ஆனால் அந்த அன்பு, அவர் செய்யக்கூடிய கடைசிப் பெருஞ்செயலை அவர் அறியாமலே செய்யவைத்துவிடுகிறது. மறுத்து, வீட்டில் உற்றாரோடு இருந்துவிடும் உரிமையையும் பறித்துவிடுகிறது.

உண்மையைச் சொல்வோம், சொன்னபின் அவரைத் தனியே விட்டுவிடாமல் அருகில் அமர்வோம். ஏற்பதோ மறுப்பதோ, முடிவு அவருடையதாக இருக்கட்டும்.