வயோதிகரின் இருதயமும் பிள்ளைகளின் முடிவும்

மலைவாசிகளான முதியோருக்கு மூச்சு வாங்கினால், மேட்டையும் வயதையும் காரணம் சொல்லிக் காலம் கடத்துவது வழக்கம். கொடைக்கானல் ஏற்றத்தில் நாலு எட்டு வைப்பதற்குள் நெஞ்சைப் பிடித்து நிற்பவருக்கெல்லாம் முதுமையே காரணம் என்பதற்கில்லை. இருதயத்திலிருந்து பெருநாடிக்கு இரத்தம் செல்லும் வாசலிலுள்ள வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதுண்டு. நோய் முற்றினால் மாத்திரை தீர்வாகாது; வால்வை மாற்ற வேண்டும்.

நெஞ்செலும்பைப் பிளந்து மாற்றுவது பழைய வழி. தொடை இரத்தக் குழாய் வழியே மடித்த வால்வைக் கொண்டுபோய் விரிப்பது புதிய வழி. 2002-ல் பிரெஞ்சு மருத்துவர் அலன் கிரிபியே இதனை மனிதருக்கு முதன்முதல் செய்தார். ஆபரேஷன் தாங்கமாட்டார் என்று கைவிடப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு 2010-ல் வந்தது. வழக்கமான வைத்தியம் பெற்றோரில் ஓராண்டுக்குள் பாதிப்பேர் மௌத்தாயினர். புதிய வால்வு பெற்றோரில் 100-க்கு 31 பேர்.

இரண்டில் எது என்று முடிவு செய்பவர் யார்? இதுவே நம் கேள்வி. அமெரிக்க இருதய மருத்துவ சங்கங்களின் 2020 வழிகாட்டுதல், 65 வயதுக்குக் கீழ் ஆபரேஷனையும் 80-க்கு மேல் குழாய் வழியையும் முன்வைத்து, இடைப்பட்டோர் விஷயத்தை நோயாளியுடன் கலந்து முடிவு செய்யச் சொல்கிறது. நம் வீடுகளிலோ அத்தாவைத் தவிர மற்றெல்லோரும் கலந்து பேசுகிறார்கள்! "சொன்னால் பயந்துவிடுவார்" என்பார் மகன். மருமகன் செலவைக் கணக்கிடுவார். அம்மாமார் நிலை இதைவிட மோசம். எக்கோ எடுத்த விவரம்கூட அவர்களை எட்டுவதில்லை. உடல் அல்லாஹ் அவர்களிடம் தந்த அமானத், பிள்ளைகளிடம் தந்ததன்று.

அவர் அறியவேண்டியவை பல. ஆபரேஷனில் எலும்பு கூட வாரங்கள் பல செல்லும். குழாய் வழியில் சில நாட்களில் நடமாடலாம், ஆனால் செலவு பல லட்சம், பேஸ்மேக்கர் தேவைப்படுவதும் அதிகம். உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுதும் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை, அடிக்கடி இரத்தப் பரிசோதனை. மலைக்கிராமத்தார்க்கு இது சிறிய காரியமல்ல. திசு வால்வுகளில் மாட்டினுடையதும் உண்டு, பன்றியினுடையதும் உண்டு; முன்கூட்டியே கேட்டு மாட்டுத் திசுவைக் கோரலாம். வேறு வழியே இல்லாத நிர்ப்பந்தத்தின் சட்டம் வேறு.

வைத்தியத்தை விடுவதே தவக்குல் என்பாருமுண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், வைத்தியம் செய்துகொள்ளவும் ஏவினார்கள். ஆயினும், குணம் நிச்சயமில்லாத சிகிச்சையை மறுத்தவர் பாவியாகார் என்றே நம் ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. ஆகவே எல்லாம் விளங்கிய பின் அத்தா "வேண்டாம்" என்றால் அது அவர் உரிமை. மகன் கடன்படுவானே என்று சொல்லும் "வேண்டாம்" அப்படிப்பட்டதன்று. மதுரைக்கு வண்டி ஏறுமுன், மற்றவர் இல்லாத நேரத்தில் அருகில் அமர்ந்து, எதனால் வேண்டாம் என்கிறார் என்று கேட்க வேண்டும்.