காட்சியும் கண்ணியமும்

பண்ருட்டியிலிருந்து சிதம்பரம் வழியாகப் பிச்சாவரம் சென்று படகேறினோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிகளில் தில்லையும் சுரபுன்னையும் நிழல் விரித்திருந்தன. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் வேகத்தைத் தணித்து, அண்டையூர்களைக் காத்த காடு அது. கொக்கும் நாரையும் கண்டு மகிழ்ந்தோம்.

ஒரு வளைவில், இருளர் குலத்துப் பெண்மணி ஒருவர் கழுத்தளவு நீரில் அமிழ்ந்து, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பறியைப் பற்களால் கவ்வியிருந்தார். நம்மவர் சிலர் படம் எடுக்க முனைந்தனர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம் மகிழ்ச்சி அக்கணமே வாடிற்று. படகுக்குத் தந்த கட்டணம் அவர் முகத்துக்கும் விலையாகுமா?

வடதுருவக் கடலிலும் இதே கேள்விதான். 1953 இல் கனடா அரசு இனூயிட் குடும்பங்கள் சிலவற்றைத் தொலைவடக்குப் பனிக்கரைகளில் கொண்டுபோய்க் குடியமர்த்தியது. அதற்காக 2010 இல் மன்னிப்புக் கோரியது. அக்கரைகளுக்கு இன்று உல்லாசக் கப்பல்கள் செல்கின்றன. பனிக்கரடியைக் காணும் அதே கண்கொண்டு அம்மக்களையும் காண்பது தகுமா?

அனுமதியின்றிப் பிறர் இல்லம் புகலாகாதென்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஒருவர் உழைத்துப் பிழைக்கும் நீரும் அவர்தம் இல்லமே அன்றோ? உலகைச் சுற்றிப் பார்ப்போம். ஆனால், விருந்தினராய்ச் செல்வோம். முதலில் நலம் கேட்போம்; அவர் இசைந்த பின்னரே படம் எடுப்போம்.