விரைவும் வினாவும்

தனக்கென ஒரு நூலைத் தேர்பவன் தவறினால், அத்தவறின் பயன் அவனையே சாரும். பிறனொருவனுக்காக, அதிலும் தேர்ந்து தெளியும் பருவம் எய்தாத சிறுவனுக்காகத் தேர்பவனின் நிலை வேறு. அவன் கையிலிருப்பது அதிகாரமன்று, அமானிதம்.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய கரையோர ஊர்களில், பன்னிரண்டு வயது மகனுக்கு விறுவிறுப்பான விஞ்ஞானப் புனைகதை தேடும் வாப்பா ஒருவர் இருவகை அறிவுரைகளைக் கேட்கக்கூடும். விண்கலமும் வேற்றுக் கிரகமும் மனத்தை அலைக்கழிக்கும்; பாடநூலே போதும் என்பது ஒன்று. பையன் வாசித்தாற் போதும். எதை வாசித்தாலென்ன என்பது மற்றொன்று. முன்னது சிறுவனின் ஆவலை நம்பவில்லை. பின்னது அவனது அறிவை மதிக்கவில்லை.

கதையின் விரைவு குற்றமாகுமா? எண்பது நாட்களில் உலகைச் சுற்றிவருவதுபற்றி 1872இல் ஜூல்ஸ் வேர்ண் வெளியிட்ட கதையை நோக்குக. புகையிரதம், கப்பல், யானை என அது ஓடிக்கொண்டேயிருக்கிறது. ஐந்து நிமிடம் பிந்தித் தோற்றதாகக் கருதும் நாயகன், இறுதியில் ஒரு நாள் மிஞ்சியிருப்பதை அறிகிறான். கிழக்கு நோக்கிச் சுற்றியமையால் ஒரு நாளை அவன் ஈட்டியிருந்தான். அவனுக்கு வெற்றி தருவது துப்பாக்கியன்று. புவி சுழலும் முறை. அந்நூலை மூடும் சிறுவன் உலகப்படத்தைத் திறப்பான்.

தமிழிலும் இத்தகைய முயற்சி உண்டு. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில், ஜீனோ என்னும் இயந்திர நாய் நூல்களைப் படிக்கிறது, சிந்திக்கிறது. சம்பவங்கள் விரைந்தோடினும், சிந்திக்கும் இயந்திரம் வெறும் பொருள்தானா, ஆள்வோனை வினவுவது யார் என்னும் கேள்விகள் வாசிப்பவனிடம் தங்கிவிடுகின்றன. எனவே, விரைவு குற்றமன்று. வினாவை விழுங்கும் விரைவே குற்றம்.

வினவப் பழகுதல் நம்பிக்கையைக் குலைக்கும் என அஞ்சுவோர், 12ஆம் நூற்றாண்டின் அந்தலூசிய மெய்யியலாளர் இப்னு துபைலை நினைத்தல் வேண்டும். அவர் படைத்த ஹை இப்னு யக்ழான் தனித்தீவில் மானால் வளர்க்கப்படுகிறான். அம்மான் இறந்ததன் காரணத்தைத் தேடத் தொடங்கியவன், வினாவின் வழியே இறைவனை அறிகிறான்.

இப்பிரச்சினை ஏட்டளவில் நிற்பதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோளில், இந்நாட்டிலேயே மிகுதியான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். அன்று தாய்லாந்தின் புக்கெற் தீவில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி புவியியற் பாடத்தில் கற்றதை நினைவுகூர்ந்து, கடலின் மாற்றத்தைக் கண்டு எச்சரித்தாள். பலர் உயிர் தப்பினர். கதை நூலொன்று கல்முனைக் கரையைக் காத்திருக்கும் எனக் கூறுதல் மிகையாகும். இறந்தோருக்கு இழைக்கும் அநீதியுமாகும். ஆயினும் நோக்கத்தக்க உண்மையொன்றுண்டு. தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. இலங்கையின் கிழக்குக் கரையிலோ நீர் முதலில் உயர்ந்தே வந்தது. கடலடித்தளம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்தமையே இவ்வேறுபாட்டின் காரணம். “கடல் உள்வாங்கினால் ஓடு” என்பதை மாறா விதியெனக் கற்பிக்கும் சாகசக் கதையொன்றை நம்பிய சிறுவன், இக்கரையில் அவ்வடையாளத்துக்காகக் காத்து நின்றிருப்பான். அரை உண்மையை விரைவாகச் சொல்லும் நூலின் தீங்கு இதுவே. ஏன் உள்வாங்குகிறது எனக் கேட்கப் பழக்கும் நூல், எப்போதும் உள்வாங்குமா என்றும் கேட்கப் பழக்கும்.

அன்று எச்சரித்தவள் சிறுமி என்பதும் மறக்கற்பாலதன்று. மகனுக்கென வாங்கிய நூல் மகளின் கைக்கும் செல்லுதல் வேண்டும்.

ஆகவே, தேர்வோர் முதலில் தாமே அந்நூலை வாசித்தல் தகும். இடுக்கண் வரும்போது நாயகன் சிந்தித்து மீள்கிறானா, ஆசிரியரின் தயவால் மீள்கிறானா என்பதைக் காணல் தகும். நூலைக் கையளித்ததோடு கடமை முடிந்துவிடுவதுமில்லை. வாசித்து முடித்த சிறுவன் ஒருநாள் “இது உண்மையா, வாப்பா?” என்று வந்து நிற்பான். அவ்வேளையில் அவனை அதட்டி அனுப்பாது, அருகிருத்தி உடன் ஆராய்பவரே அமானிதத்தைப் பேணியவராவார்.