வாங்கும் கையின் பொறுப்பு

ரீகல் ஏஞ்சல் என்ற கடல்மீன் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக வளரும். ஆரஞ்சு மஞ்சள் உடலில் கருங்கரை வைத்த வெண்ணீலப் பட்டைகள். செங்கடல் தொடங்கி மாலத்தீவு வழியாகப் பசிபிக் தீவுகள் வரை, பவளப்பாறைகளின் குகைகளையும் இடுக்குகளையும் விட்டு அதிகம் விலகாமல் வாழ்கிறது. வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் பலருக்கும் என்றாவது இதை வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை உண்டு. பிடிபட்டு வந்தவற்றில் பல இரை எடுக்காமலே செத்துப்போகும் என்று முதலில் எச்சரிப்பவர்களும் அவர்களே. இரண்டையும் அறிந்த ஒருவர் அதை விலைகொடுத்து வாங்கலாமா?

சோம்பலாலோ அலட்சியத்தாலோ மட்டும் இந்த மீன் சாவதில்லை. கடலில் இதன் உணவு கடற்பஞ்சும், பாறையில் ஒட்டி வளரும் மென்மையான சிறு உயிர்களும். பகல் முழுக்கக் கொத்தி மேய்ந்துகொண்டே இருக்கும். தொட்டிக்கு வந்ததும் உறைய வைத்த இறாலும் உருண்டைத் தீவனமும் முன்னால் விழுகின்றன. அவற்றை உணவென்றே அது அறியாது. அனுபவசாலிகள் ஒரு மட்டியைப் பிளந்து, சதையோடு ஓட்டைப் பாறையிடுக்கில் வைப்பார்கள். மீன் மெல்ல வெளியே வரும், சாய்ந்து ஒரு கண்ணால் பார்க்கும், ஒரு கொத்துக் கொத்தும், துப்பிவிட்டு உள்ளே போய்விடும். மறுநாளும் அப்படியே. சில மீன்கள் ஒருநாள் விழுங்கத் தொடங்கிவிடும். மற்றவற்றுக்கு வயிறு உள்வாங்கும், கண்ணுக்குப் பின்னே தலைமேட்டுச் சதை குழியும். வாரக்கணக்கில் இது நடக்கும்.

கடையின் கண்ணாடிக்கு வருவதற்கு முன்பே அது பட்டது நிறைய. ஆழத்திலிருந்து வேகமாக மேலே கொண்டுவரும்போது உள்ளே காற்றுப்பை உப்பிவிடும். சில இடங்களில் ஊசியால் குத்தி அந்தக் காற்றை வெளியேற்றுவார்கள். பயணத்தில் பையின் நீர் கெடாமலிருக்க, ஏற்றுமதிக்கு முன் பட்டினி போடுவது இந்தத் தொழிலில் வழக்கம். பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய இன்னொரு முறை இதைவிடக் கொடியது: சோடியம் சயனைடு கரைத்த நீரைப் பாறையிடுக்கில் பீய்ச்சி, மயங்கிய மீனை அள்ளுவது. அதில் பவளமும் சாகிறது. ஒளிந்த மீனை எடுக்கப் பவளத்தை உடைப்பதும் உண்டு.

இங்கேதான் நல்ல வளர்ப்பாளர் ஒரு வாதம் வைக்கிறார். மீன் ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டது. நான் வாங்காவிட்டால் ஒன்றும் தெரியாத ஒருவர் வாங்குவார், அல்லது கடையிலேயே சாகும். என்னிடம் பெரிய தொட்டி, நல்ல நீர், பொறுமை எல்லாம் இருக்கின்றன. இந்த வாதத்தில் பொய் இல்லை, அந்த மீனைப் பற்றிய அக்கறையும் உண்மையானது. ஆனாலும் இது போதாது. காலியான தொட்டியைக் கடைக்காரர் காலியாக விடுவதில்லை. விற்றுப்போன மீன் அடுத்த ஆர்டருக்குக் காரணமாகிறது. காப்பாற்றிய மீன் கண்ணெதிரே நீந்துகிறது. அதன் இடத்தை நிரப்பப் பிடிபடும் மீனை யாரும் பார்ப்பதில்லை. வழியில் செத்தவற்றின் செலவும் பிழைத்ததன் விலையில்தான் ஏறுகிறது. வளர்ப்பாளரின் திறமை பை வீட்டுக்கு வந்த பிறகே வேலை செய்யத் தொடங்குகிறது. அவர் கொடுத்த பணமோ அதற்கு முன்னால் நடந்ததற்கெல்லாம் போய்ச் சேர்கிறது.

தட்டில் மீன் வைத்துச் சாப்பிடும் சமூகத்தில் ஒரு தொட்டி மீனுக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. உணவுக்காகப் பிடித்த மீன் பெரும்பாலும் அன்றே சாகிறது. அதைத் தின்பவர் அதன்மேல் அன்பு வைத்திருப்பதாகவும் சொல்வதில்லை. தொட்டி வைப்பவர் அன்பின் பெயரால் வாங்குகிறார். அன்பு என்று சொன்ன பிறகு, அது உயிரோடு இருக்கிறதா என்பதோடு விசாரணை நின்றுவிட முடியாது. அது தன் இயல்பில் வாழ்கிறதா என்றும் கேட்டாக வேண்டும். இந்த மீன் ஒருவழியாக இரை எடுத்துத் தேறியதும், பல தொட்டிகளில் பவளத்தின் சதையையும் கொத்தத் தொடங்கிவிடுகிறது. உடனே அதைப் பிடித்துக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பாறையில் பிறந்த மீன் பாறையில் மேய்ந்ததைக் குற்றமாக்குவது பெரிய அநியாயம்.

பிடிப்பவர்களின் பக்கத்தைத் தள்ளிவிட முடியாது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கை, உலகச் சந்தைக்கு ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி கடல் அலங்கார மீன்கள் வருவதாகக் கணக்கிட்டது. ஒரு தீவு நாட்டில் 2000ஆம் ஆண்டில் அலங்கார மீன் ஒரு கிலோவின் மதிப்பு ஏறத்தாழ 500 டாலர், உணவுக்கான பாறைமீன் ஒரு கிலோ 6 டாலர்தான் என்றும் அதில் இருக்கிறது. உயிருள்ள பாறை தனக்குச் சோறு போடும்வரை மீனவர் அதைக் காப்பார். மொத்த வணிகத்தையும் தடுத்தால் அந்தக் காரணம் போய்விடும். ஆனால் அவருடைய வருமானத்துக்கு ரீகல் ஏஞ்சல்தான் வேண்டும் என்றில்லை. கொடுத்ததைத் தின்று தொட்டியில் ஆண்டுக்கணக்கில் வாழும் மீன்களும் அதே பாறையில் இருக்கின்றன. எதைப் பிடிப்பது என்பதை அவருக்குச் சொல்வது தொலைவில் இருந்து வரும் ஆர்டர்.

சட்டம் இதில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இந்தியாவில் கல்பவளங்களை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். யானையும் புலியும் இருக்கும் அட்டவணை அது. மன்னார் வளைகுடாவில் ஒரு பவளத் துண்டை எடுத்தாலும் குற்றம். அந்தப் பவளத்தை ஒட்டி வாழும் ஏஞ்சல் மீன்களுக்கு அந்த அட்டவணையில் இடம் இல்லை. ஆகவே முடிவு வாங்குபவரின் மனச்சாட்சிக்கு வந்து சேர்கிறது.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. ஏஞ்சல் மீன்களின் குஞ்சுகள் மிகமிக நுண்ணியவை. அவற்றின் வாய்க்குள் போகும் இரையே கிடைக்காமல் தொட்டி இனப்பெருக்கம் பல காலம் கைகூடவில்லை. 2000களின் தொடக்கத்தில் ஹவாயில் ஃபிராங்க் பேன்ஷ் என்ற மீன் வளர்ப்பாளர் குட்டை ஏஞ்சல் இனங்களை முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டினார். இன்று வேறு பல ஏஞ்சல் இனங்களும் பண்ணையில் பிறந்து வருகின்றன. குஞ்சிலிருந்தே தீவனம் தின்று வளர்ந்த மீனுக்குப் பட்டினிப் போராட்டம் இல்லை. விலை கூடுதல்தான். அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க மனமில்லாதவர், கடலில் பிடித்த மீனின் குறைந்த விலையில் யாருடைய இழப்பு கழிந்திருக்கிறது என்று யோசித்துப் பார்க்கட்டும்.

ஏற்கெனவே ரீகல் ஏஞ்சல் வைத்திருப்பவரின் கடமை வேறு. தொட்டி மீனைக் கடலில் விட்டால் அது நோயையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடும், அதனால் அது வழி அல்ல. நாளுக்குப் பல வேளை இரை, ஒளிந்துகொள்ள இடுக்குகள், தேவையானால் பவளத்தில் ஒரு பங்கை அதற்கே விட்டுக்கொடுப்பது என்று பல ஆண்டுகள் போகலாம். அது இறந்தபின் கடைக்காரர் இன்னொன்று வரவழைக்கட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்பதோடு, ஏன் வேண்டாம் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். அடுத்த ஆர்டரை எழுதுவது அவர்தான்.