மறைப்பும் அருளும்

சிவபெருமானின் ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்று. பக்குவமடையாத உயிரை இருவினை நுகர்ச்சியில் நிறுத்தி முதிரச் செய்வதால் அம்மறைப்பு அருளே என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. அதே சித்தாந்தம், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவத்தை மலம் எனும் அழுக்காக ஒதுக்குகிறது. எந்த மறைப்பு அருள், எது மலம் என்ற வினாவை இன்று கணினியின் நினைவகமும் எழுப்புகிறது.

வட்டில் உறங்கும் தரவைச் சாவியில்லாதார் படிக்கவியலாதபடி உருமாற்றும் மறைகுறியாக்கம் பழகிப்போன முறையே. ஆயினும் கணக்கிடும் வேளையில் அத்தரவு, செயலி கையாளும் தற்காலிக இடமாகிய நினைவகத்தில் திறந்தே கிடந்தது. மின்சாரம் நின்றவுடன் அது அழிந்துவிடும் எனப் பலரும் நம்பியிருக்க, 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தூசு ஊதும் காற்றுக்குப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பீய்ச்சி, நினைவகச் சில்லை ஏறத்தாழ மைனஸ் 50 பாகை செல்சியஸுக்குக் குளிரவைத்து, நிமிடங்கள் கழிந்த பின்னும் தரவு எஞ்சியிருப்பதைக் காட்டினர். 2017இல் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் எபிக் செயலிகள், நினைவகத்துக்குச் செல்வதைத் தமக்குள்ளேயே உருவாகும் சாவியால் மறைத்தன. பிறருடைய கணினியை வாடகைக்கு எடுக்கும் மேகக் கணிமையில், வாடகையாளர் ஒவ்வொருவருக்கும் தனிச்சாவி அமைவதால், கணினிக்கு உரியவரே உள்ளிருப்பதைப் பார்க்க முடியாதபடி செய்வது இதன் நோக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழருக்கு இந்நோக்கத்தின் அருமை புரியும். ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு எனும் அணிவகுப்புக் களத்தில் கிராணி எனும் தோட்ட எழுத்தர் பெயர் வாசித்து, வந்தவருக்கு நேரே செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் இட்ட குறியே அன்றைய கூலியைத் தீர்மானித்தது. எழுத்தறியாத பால்மரத் தொழிலாளிக்குத் தன்னைப் பற்றிய பதிவே மறைபொருள். அதை வைத்திருந்தவருக்கோ அது திறந்த ஏடு. தரவுக்கு உரியவருக்கு மூடியும், அதைக் காப்பவருக்குத் திறந்தும் இருந்த இம்மறைப்பை ஆணவத்தின் பக்கமே வைக்க வேண்டும். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட துண்டாடலுக்குப் பின் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தோரின் வழித்தோன்றல்களுடைய வங்கிக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் வாடகைக் கணினிகளில் தங்கும் இக்காலத்தில், நினைவக மறைகுறியாக்கம் அந்த முறையைத் தலைகீழாக்குகிறது என்பது உண்மையிலேயே பெரிய செய்தி.

காப்பவரை நம்பாதது அவரை இழிவுபடுத்துவதாகாதா எனக் கேட்கலாம். பார்க்க இயலாதவர்மேல் ஐயமும் எழாது என்பதால், நேர்மையாளருக்கும் இது காப்பே. ஆனால் நம்பிக்கை இல்லாமற்போவதில்லை; அது கணினி வைத்திருப்பவரை விட்டுச் சில்லு செய்பவரிடம் இடம்பெயர்கிறது. நினைவகப் பலகை தன் அளவைப் பொய்யாகச் சொல்லும்படி செய்து அக்காப்பை உடைக்கலாம் என்பதை 2024இல் ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். மேலும், இறைவனின் மறைப்பு உயிரின் பக்குவம் அறிந்து நிகழ்வது; செயலியோ வஞ்சகனின் கணக்கையும் ஏழையின் கணக்கையும் ஒன்றுபோலவே மறைக்கும்.

காப்பவரின் கண்ணை மறைப்பதனால் உரியவரின் கண் திறந்துவிடுவதுமில்லை. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பார்க்கும் உரிமையை ஒருவருக்குத் தருகிறது. எனினும் அச்சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. பிறப்புச் சான்றும் அடையாள அட்டையும் இன்றித் தோட்டப்புறங்களில் தவித்த குடும்பங்களின் வழக்குகள் தங்கியிருப்பதோ அரசின் பதிவேடுகளில்தான். அங்கே எந்தச் செயலியின் சாவியும் அவர்களுக்கு உதவாது.