அடக்கம் என்னும் அன்புக்கடன்

புளியந்தோப்பின் ஒடுங்கிய தெருக்களில் ஒரு சாவு நேர்ந்தால், அது ஒரு வீட்டுத் துயரோடு நின்றுவிடுவதில்லை. வாசலில் பந்தல் எழும். மதம் பாராது அண்டை வீட்டார் நாற்காலிகளைச் சுமந்து வருவர். கல்லறைவரை தோள் கொடுப்பர். இறந்தவர் தனியே போகலாகாது என்பது இங்கு எழுதாச் சட்டம்.

நம் மாநகரில் அச்சட்டம் 2020 ஏப்ரலில் முறிந்தது. கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய, தொற்றுக்கு அஞ்சிய மக்கள் இடந்தரவில்லை. வேலங்காட்டில் உடலோடு சென்றவர்கள் தாக்கப்பட்டனர். இறுதியில், உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே இரவில் தம் கையால் மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார்.

உயிர்ப்பை நம்பும் நமக்கு, உடல் எங்கே கிடந்தால் என்ன என்று கேட்கத் தோன்றலாம். நோலா நகர் ஆயர் பவுலினுஸ் எழுப்பிய ஐயத்திற்கு விடையாக, ஏறத்தாழ 421-ஆம் ஆண்டில் புனித அகுஸ்தினார் ஒரு நூலே எழுதினார். கல்லறை கிடைக்காத மறைசாட்சிகள் எதையும் இழந்துவிடவில்லை என்கிறார் அவர். எரியூட்டுவதைத் திருச்சபை 1963-இல் அனுமதித்ததும் இதே உறுதியோடுதான். சாம்பலிலிருந்தும் உயிர்ப்பிக்க வல்லவர் இறைவன்.

ஆயினும் அடக்கம் வீண் சடங்கன்று என்பதும் அகுஸ்தினாரின் முடிவே. தூய ஆவி தம் நற்செயல்களுக்குக் கருவியாகக் கொண்ட உடலைக் குப்பையெனத் தள்ளலாகாது. நினிவே நகரில் உயிருக்கு ஆபத்து என்றறிந்தும் தோபித்து இறந்தோரை அடக்கம் செய்தார். அச்செயலைத் திருச்சபை உடல்சார்ந்த இரக்கச் செயல்களுள் ஏழாவதாகப் போற்றுகிறது. ஆகவே அடக்கம், உயிர்ப்புக்கு நாம் இடும் நிபந்தனையன்று. உயிர்ப்பை நம்புவோர் செலுத்தும் அன்புக்கடன். விதையை மண்ணில் இடுபவன் அதை எறிவதில்லை; நம்பி ஒப்படைக்கிறான்.

மருத்துவரின் துணைவியாரது வேண்டுகோளை ஏற்று, உடலைக் கீழ்ப்பாக்கத்திற்கு மாற்றச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் அனுமதி அளித்தது. அப்பெண்மணி கேட்டது ஓர் இடத்தை மட்டுமா? தம் கணவர் கைவிடப்பட்டவர் அல்லர் என்னும் உறுதியையும் அல்லவா!

அன்று எதிர்த்தவர்களைப் பழிப்பது எளிது. அந்த ஊர்தி நம் தெருவழியே வந்திருந்தால், நாம் எப்பக்கம் நின்றிருப்போம்? உயிர்ப்பை நம்புகிறோம் என ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம், சாவுக்கு அஞ்சி அன்பைக் கைவிட்டால், அந்த அறிக்கை உதட்டளவே. நவம்பர் 2-இல் நம் உற்றாரின் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அழுவதற்கு ஆளின்றிப் போனவர்களுக்காகவும் ஒன்றை ஏற்றுவோம். அடுத்த சாவு வீட்டுக்கு, அது யார் வீடாயினும், அஞ்சாமல் செல்வோம்.